புது நாட்டார் இசை ஆல்பங்களைத் தேடிப் பிடித்து முழுசாகக் கேட்பது எப்படி

ஸ்பாட்டிஃபையிலோ யூடியூபிலோ "உலக இசை" என்று தட்டினால் முதலில் வந்து நிற்பது யோகா வகுப்புப் புல்லாங்குழலும் மழைச் சத்தமும்தான். மாலியின் கோரா என்ற தந்தி வாத்தியமும் ரஷ்யாவின் துவா பகுதியின் தொண்டைப்பாட்டும் பல்கேரியாவின் கல்யாண ஆட்டமும் அதற்கடியில் எங்கோ கிடக்கும். அந்தப் பெயரே கடைக்காரருக்காக வைத்தது. 1987 ஜூனில் லண்டன் மதுக்கடை ஒன்றில் சிறிய இசை நிறுவனங்களின் ஆட்கள் கூடிப் பேசினார்கள். எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாமல் கடைக்காரர்கள் ஒதுக்கிய இசைத்தட்டுகளுக்கு ஒரு பொதுப் பெயர் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கிராமி விருதுக்காரர்கள்கூட 2020-இல் அந்தச் சொல்லைக் கைவிட்டு "குளோபல்" என்று மாற்றிக்கொண்டார்கள். எனவே வகையின் பெயரைப் போட்டுத் தேடிப் பயனில்லை. வாசித்தவர், வாத்தியம், வெளியிட்ட லேபிள் இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும்.

தேடுமிடம்

மாதத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஐரோப்பிய வானொலித் தொகுப்பாளர்கள் வாக்களித்துத் தயாரிக்கும் "வேர்ல்ட் மியூசிக் சார்ட்ஸ் யூரோப்" பட்டியல் 1991 முதல் மாதந்தோறும் வருகிறது. "டிரான்ஸ்குளோபல் வேர்ல்ட் மியூசிக் சார்ட்" 2015-இல் தொடங்கியது. பிரிட்டனின் சாங்லைன்ஸ் இதழ் 1999 முதல் விமர்சனங்கள் வெளியிடுகிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வரும் பெயர்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மூன்று ஆல்பத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். இருபது எடுத்தால் இருபதிலும் முதல் பாட்டை மட்டும்தான் கேட்டிருப்பீர்கள்.

இந்தப் பட்டியல்களில் ஒரு கோணல் உண்டு. ஐரோப்பாவில் விநியோகம் இருக்கிற, வானொலிக்குப் பிரதி அனுப்ப ஆள் வைத்திருக்கிற கலைஞர்களுக்கே அவை சாதகம். உள்ளூர்க் கல்யாணத்துக்கு வாசித்து மெமரி கார்டில் விற்கும் குழு அங்கே ஏறாது. அந்தக் குறையை ஓரளவு லேபிள்கள் நிரப்பும். மோசஸ் ஆஷ் 1948-இல் தொடங்கிய ஃபோக்வேஸ் 1987-இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்திடம் வந்தது. எந்த ஆல்பத்தையும் விற்பனையிலிருந்து எடுப்பதில்லை என்பது அதன் கொள்கை. பாரிஸின் ஒக்கோரா, பிரெஞ்சு வானொலியின் லேபிள். களப்பதிவுக்குப் பேர் போனது. மாலி, கியூபா என்றால் வேர்ல்ட் சர்க்யூட். கம்பாலாவிலிருந்து நியேகே நியேகே டேப்ஸ். சஹாரா கிட்டாருக்கு சஹேல் சவுண்ட்ஸ். ராஜஸ்தானின் மாங்கணியார் சமூகத்து இசைக்கு டெல்லியின் அமர்ரஸ். இவற்றில் இரண்டு மூன்றை, கலைஞர்களும் லேபிள்களும் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் "ஃபாலோ" செய்துவிட்டால் புது வெளியீடு வரும்போது மின்னஞ்சலே வந்துவிடும். தேடி அலைய வேண்டியதில்லை.

வாத்தியப் பெயரைப் போட்டுத் தேடும்போது எழுத்துக்கூட்டல் காலை வாரும். துவாவின் தொண்டைப்பாட்டான "கூமெய்"யை ஆங்கிலத்தில் சிலர் கே-எச் போட்டும், சிலர் எக்ஸ் போட்டும், சிலர் வெறும் எச் போட்டும் எழுதுகிறார்கள். அரபுத் தந்தி வாத்தியம் "ஊத்" இரண்டெழுத்திலும் வரும், மூன்றெழுத்திலும் வரும். ஒரு கூட்டலில் கிடைக்காவிட்டால் ஆல்பம் இல்லை என்று முடிவு கட்டிவிடாமல் அடுத்ததைப் போட்டுப் பாருங்கள். ஈரானின் தந்தி வாத்தியமான "செதார்" தேடும்போது சிதார் வந்து குவிவதும் வழக்கமான தொல்லை. கூடவே "பெர்ஷியன்" என்று சேர்த்தால் வடிகட்டிக் கொடுத்துவிடும்.

புதுசா, புதுசாக வந்த பழசா

செயலியில் ஆல்பத்துக்குக் கீழே போட்டிருக்கும் ஆண்டு பெரும்பாலும் வெளியீட்டு ஆண்டு. பதிவான ஆண்டு வேறாக இருக்கலாம். எத்தியோப்பிய இசைத் தொகுப்புகளான எத்தியோபிக்ஸ் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1997-இல் பாரிஸில் வரத் தொடங்கியது. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி 1960களின் கடைசியிலும் 70களிலும் அடிஸ் அபாபாவில் பதிவானது. தேதி தெரியாமல் கேட்டால், "இப்போதைய எத்தியோப்பிய இசை இப்படித்தான்" என்று அரை நூற்றாண்டு தள்ளிப் புரிந்துகொள்வோம்.

சரிபார்க்க மூன்று படி. முதலில் ஆல்பத்தின் அடிக்குறிப்பில் வட்டத்துக்குள் பி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆண்டையும் நிறுவனத்தையும் பாருங்கள். அது ஒலிப்பதிவின் உரிமையைக் குறிப்பது. பிறகு அதே பெயரை, இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் போட்டால் எல்லாப் பதிப்புகளும் வரிசையாக வரும். முதல் பதிப்பின் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, ஆல்பத்தோடு வரும் கையேடு இருந்தால் அதில் "பதிவு செய்த இடம், நாள்" வரியைத் தேடுங்கள். ஃபோக்வேஸ் ஆல்பங்களின் கையேடுகள் அதன் தளத்திலேயே பிடிஎஃப்பாக இலவசம்; ஆல்பத்தை வாங்காமலே படிக்கலாம். இந்தத் தகவல் எங்குமே இல்லாத ஆல்பமும் உண்டு. யார் வாசித்தார்கள் என்றே சொல்லாத "ஆப்பிரிக்க மேளங்கள்" போன்ற தொகுப்புகளைத் தாண்டிப் போய்விடுங்கள். அதற்கு மேல் அதில் தோண்ட ஒன்றும் கிடைக்காது.

வாங்குவது

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை ஓடாவிட்டால் அதற்குப் பதிவு உரிமைத்தொகை கிடையாது. 2024 முதல் இதுதான் விதி. நாட்டார் ஆல்பங்களில் இந்தக் கோட்டுக்குக் கீழே விழும் பாட்டுகள் ஏராளம். அங்கே கேட்டுப் பார்த்து, பிடித்ததை பேண்ட்கேம்ப்பில் வாங்குவது நல்ல ஏற்பாடு. டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு வழக்கமாக 15 சதவீதம். "பேண்ட்கேம்ப் ஃபிரைடே" என்று அறிவிக்கும் சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள்; 2020 மார்ச்சில் தொடங்கிய பழக்கம் இது. அந்த நாள் அமெரிக்க மேற்குக்கரை நேரத்தில் கணக்காகும். நமக்கும் இலங்கைக்கும் கோடையில் வெள்ளி பகல் 12.30-க்குத் தொடங்கி சனி பகல் 12.30-க்கு முடியும், குளிர்காலத்தில் இரண்டுமே ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். சிங்கப்பூர், மலேசியாவில் அதோடு இரண்டரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளி காலையில் அவசரப்பட்டு வாங்கினால் சலுகை நேரம் இன்னும் தொடங்கியிருக்காது.

இந்திய அட்டையில் பணம் போகாமல் நின்றால் அட்டை கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபர் முதல் புது அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பை ஒரு சிறு தொகையாக வைத்து, வாங்கியதும் மறுபடி மூடிவிடுங்கள். டாலர் மாற்றுக்கென்று வங்கி தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும். கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டு வரவழைக்கும் ஆசையை மட்டும் கொஞ்சம் அடக்கி வையுங்கள். தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் தட்டின் விலையைத் தாண்டிவிடுவது சகஜம்.

இறக்கும்போது, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனின் சொந்தச் செயலியில் கேட்பவர்களுக்கு ஏலாக், தரம் ஒன்றேதான். 45 நிமிட ஆல்பம் குறுந்தகட்டுத் தரத்தில், சுருக்காமல், சுமார் 475 எம்பி இருக்கும். ஃபிளாக்கில் அது ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஒற்றை வாத்தியமாக இருந்தால் இன்னும் குறையும். 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 108 எம்பி. வாங்கியது தளத்தில்தானே இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். லேபிள் கடையை மூடலாம், பக்கத்தை எடுத்துவிடலாம். அன்றைக்கே இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள்.

பிளே அமுக்கும் முன்

ஷஃபிள், ஆட்டோபிளே, ஆட்டோமிக்ஸ் மூன்றையும் அணையுங்கள். ஒரு பாட்டை அடுத்ததில் கரைக்கும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வைத்து, இடைவெளியில்லாமல் ஓட்டும் கேப்லெஸ்ஸை மட்டும் போடுங்கள். ஒலி அளவைச் சமன் செய்யும் வசதியில் "லவுட்" என்ற நிலை இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அது ஒலியை அமுக்கி மேலே தள்ளும். மெல்லத் தொடங்கிப் படிப்படியாக ஏறும் வாசிப்பு தட்டையாகிவிடும்.

இதெல்லாம் வெறும் பிடிவாதம் இல்லை. ஈரானியச் செவ்வியல் இசையின் ராக முறையான தஸ்த்கா ஆல்பம் ஒன்றில் தாளமில்லாத "தராமத்" முதலில் வரும். நம் ஆலாபனைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தந்தி வாத்தியம் விரைந்து ஓடும் "சஹார்மெஸ்ராப்", சாகித்தியத்தோடு "தஸ்னீஃப்", ஆட்டக் கதியில் "ரெங்" என்று ஏறிக்கொண்டே போகும். ஷஃபிளில் போட்டால் பந்தியில் பாயசத்தை முதலில் ஊற்றிய கதைதான்.

போன் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒன்றும் உருப்படியாக வராது. துவாவின் "கார்கிரா" பாட்டின் அடிக்குரல் 100 ஹெர்ட்ஸுக்கும் கீழே. போனில் கேட்டால் யாரோ தொண்டை கமறுவது போல இருக்கும். ஆயிரம் ரூபாய் ஒயர் ஹெட்ஃபோன் போதும்.

மூன்று தடவை, மூன்று வேலை

முதல் தடவை எதையும் படிக்காமல், வேறு வேலை செய்யாமல், முதல் 20 நிமிடம் கேளுங்கள். ஒரு தாளில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: ஆதார சுருதி என்று ஒன்று நிற்கிறதா, தாளம் எத்தனைக்கு ஒருமுறை திரும்புகிறது, எத்தனை அடுக்கு ஓசை கேட்கிறது. இரண்டாம் தடவை கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழுசாக. மூன்றாம் தடவை ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் தொடர்ந்து. பலர் முதல் தடவையிலேயே கையேட்டைப் படிக்கிறார்கள். பிறகு காது கையேடு சொன்னதை மட்டும்தான் தேடும்.

சுருதியைப் பிடிக்க, போனில் இருக்கும் சுருதிப்பெட்டிச் செயலியைத் திறங்கள். பாட்டு எங்கே வந்து இளைப்பாறுகிறதோ அதை முணுமுணுத்து, செயலியை அதற்குச் சேருங்கள். சேர்ந்துவிட்டால் ஸ்வரங்களை நமக்குத் தெரிந்த பெயரிலேயே அடையாளம் காணலாம். எத்தியோப்பியாவின் பெரிய திஸிதா வரிசை மோகனத்தின் ஸ்வரங்கள். ஓகினாவாவின் பழைய வரிசை ச க ம ப நி. கம்பீரநாட்டை தெரிந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். சஹாராவின் துவாரெக் மக்களின் கிட்டாரில் திரும்பத் திரும்ப வருவது ச க ம ப நி, ஆனால் சுத்த தன்யாசியின் காந்தாரமும் நிஷாதமும். துவாவின் கூமெய்யில் ஒரே குரல் அடியில் நின்றபடி, மேலே அதன் 8, 9, 10, 12-ஆம் மேற்சுரங்களை, அதாவது அந்த ஓசைக்குள்ளேயே ஒலிக்கும் மேல் அதிர்வுகளை, விசில் போல எடுக்கும். அவை ச, ரி, க, ப. ஏழாவதையும் பதினொன்றாவதையும் பாடகர்கள் பொதுவாகத் தாண்டிப் போகிறார்கள்.

இந்த ஒப்பீடு வாசல் வரைக்கும்தான். ஏணி ஒன்றாக இருப்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. திஸிதாவில் மோகனத்தின் பிடிகளைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அரபு இசையில் நம் ராகம் போன்ற "மகாம்"களில் ஒன்றான "ராஸ்த்"தின் காந்தாரம் நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் உட்காரும். முதலில் கேட்பவருக்கு சுருதி விலகியது போலத் தோன்றும். அது அங்கே வேண்டுமென்றே வைத்த இடம்.

சுருதிப்பெட்டி முழுக்கத் தோற்கும் இடம் இந்தோனேசியாவின் வெண்கல வாத்தியக் குழுவான கமெலான். ஜாவாவிலும் பாலியிலும் ஒவ்வொரு கமெலான் தொகுதியும் தனக்குள் மட்டும் சுருதி சேர்ந்தது. பக்கத்து ஊர்த் தொகுதியோடுகூட ஒத்துப்போகாது. பாலியில் இன்னொரு நுணுக்கம்: வெண்கல வாத்தியங்களை ஜோடி ஜோடியாகச் செய்து, ஒன்றைவிட மற்றொன்றை இம்மியளவு உயர்த்தி வைப்பார்கள். இரண்டையும் சேர்த்துத் தட்டும்போது ஓசை துடிக்கும். இந்தத் துடிப்புக்கு "ஓம்பாக்" என்று பெயர். அலை என்று பொருள். பதிவு நாடா ஆடுகிறது, கோப்பு கெட்டுவிட்டது என்று இதை நினைத்து ஆல்பத்தையே மூடுகிறவர்கள் உண்டு. செயலியை அணைத்துவிட்டு அந்தத் துடிப்பின் வேகத்தைக் கேளுங்கள். தொகுதிக்குத் தொகுதி மாறும்.

தாளத்துக்கு நம் சொற்கட்டு கைகொடுக்கும். பல்கேரியாவின் ருச்செனிட்சா ஏழெண்ணிக்கை: தக தக தகிட. நம் மிஸ்ர சாபுவில் தகிட முன்னால் வரும், இங்கே பின்னால். பைடுஷ்கோ ஐந்து: தக தகிட, கண்ட சாபுவேதான். கோபனிட்சா பதினொன்று: தக தக தகிட தக தக. இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் தட்டுவது. அந்த ஊர் வேகத்தில் இரண்டு சுற்றுக்குள் பின்தங்கிவிடுவீர்கள். ஒவ்வொரு கூட்டின் தலையில் மட்டும் தட்டுங்கள். ருச்செனிட்சாவுக்கு மூன்றே தட்டு; கடைசித் தட்டு சற்று நீளம். கானாவின் ஏவே மக்கள் அடிக்கும் இரட்டை மணியில் அடிக்கடி கேட்கும் 12 எண்ணிக்கை வடிவம்: தக தக த தக தக தக த. இதை வாயால் சொல்லப் பழகியபின் மேளங்களைக் கேட்டால் குழப்பமாக ஒலித்தது அடுக்கடுக்காகப் பிரியும்.

மூன்றாம் தடவைக்கு நல்ல பயிற்சிக்களம் ஜிம்பாப்வேயின் ம்பிரா. மரப்பலகையில் இரும்பு நாக்குகள். இரண்டு கட்டைவிரலும் ஒரு ஆட்காட்டி விரலும் வாசிக்கும். முதலில் காதில் விழுவது ஒரு கரகரப்பு. பலகையிலும் அதைப் பொருத்தும் பெரிய சுரைக்குடுவையிலும் சிப்பியோ சோடா மூடியோ கட்டியிருப்பார்கள், அதிர்வது அதுதான். அந்தக் கரகரப்பு இல்லாவிட்டால் ம்பிரா முழுமையில்லை என்பது அவர்கள் கணக்கு. ஈக்வலைசரில் உச்ச ஒலியைக் குறைத்து அதை "சரி" செய்யாதீர்கள். இரண்டு பேர் வாசித்தால் ஒருவர் "குஷௌரா", அதாவது தொடங்குபவர். மற்றவர் "குட்சின்ஹிரா", இடையில் கோப்பவர். ஸ்டீரியோவில் பிரித்துப் பதிவு செய்திருந்தால் ஹெட்ஃபோனின் வலப்பக்கத்தைக் கழற்றிவிட்டு இடப்பக்கத்தை மட்டும் ஒரு முழுச் சுற்று கேளுங்கள். பெரும்பாலான மரபுப் பாட்டுகளில் ஒரு சுற்று 48 துடிப்பு, 12 வீதம் நான்கு பகுதி. பிறகு வலது மட்டும். பிறகு இரண்டும். அப்போது யாருமே வாசிக்காத மூன்றாவது மெட்டு ஒன்று நடுவில் கேட்கத் தொடங்கும். கேட்கவில்லை என்றால் "ஹோஷோ" என்ற கிலுக்கையின் மும்மை நடையில் கால் தட்டிக்கொண்டே இன்னொரு முறை கேளுங்கள்.

"மரபுப் பாடல்" என்ற வரி

கையேட்டில் பாட்டு எழுதியவர் இடத்தில் "மரபு" என்று மட்டும் இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 1939-இல் ஜோகன்னஸ்பர்கில் சாலமன் லிண்டா பதிவு செய்த பாட்டு ஒன்று உலகெங்கும் சுற்றியது. அவர் பெயர் ஒட்டாமலே பல பதிப்புகள் வந்தன. அவர் குடும்பத்துக்கு ஒப்பந்தம் கிடைத்தது 2006-இல். நல்ல கையேடு பாட்டை யாரிடமிருந்து கற்றார்கள், எந்த ஊரில், எந்தச் சடங்குக்கு என்பதைச் சொல்லும். தாலாட்டா, ஒப்பாரியா, அறுவடைப் பாட்டா என்பது தெரியாமல் ஒரு மெட்டைக் கேட்டால் பாதிதான் கேட்டிருப்போம். பாடல் வரிகள் மொழிபெயர்ப்போடு இருந்தால் ஒரே ஒரு பாட்டையாவது வரியோடு கேளுங்கள்.

அடுக்கி வைப்பது

மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்டு என்ற இலவச மென்பொருளில் கோப்புறையை இழுத்துப் போட்டால் பெயர்களைத் தானே நிரப்பும். தொகுப்பு ஆல்பங்களில்தான் அது சொதப்பும். "ஆல்பம் ஆர்டிஸ்ட்" இடம் காலியாக இருந்தால் பதினைந்து பாடகர்கள் உள்ள ஆல்பம் பதினைந்து துண்டாக உடைந்து கிடக்கும். அந்த இடத்தில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே சொல்லைப் போடுங்கள். குறிப்பு இடத்தில் பதிவான ஊர், பதிவான ஆண்டு, முக்கிய வாத்தியம் மூன்றையும் எழுதி வையுங்கள். கோப்புப் பெயரைத் தமிழில் வைக்க ஆசைதான். பழைய கார் ஸ்டீரியோக்கள் அதைக் கட்டம் கட்டமாகக் காட்டும். பெயர் ஆங்கில எழுத்தில், குறிப்பு தமிழில் என்று வைத்துக்கொண்டால் தொல்லையில்லை.

அடுத்த மாதத்துக்குப் பட்டியலைத் திறக்கும் முன், கேட்டு முடித்த ஆல்பத்தின் பெயர்ப்பட்டியலுக்கே ஒருமுறை திரும்பிப் போங்கள். தலைப்பில் இருப்பவரை விட்டுவிட்டு, மூன்றாம் தடவையில் நீங்கள் தொடர்ந்த வாத்தியத்தை வாசித்தவர் யார் என்று பார்த்து, அந்தப் பெயரை டிஸ்காக்ஸில் போடுங்கள். அவர் வாசித்த மற்ற ஆல்பங்களில் உங்கள் அடுத்த மூன்றில் ஒன்று அநேகமாக இருக்கும்.